பணம் யார் பேருக்கு வருகிறது?



ரப்பர் விலை இறங்கினால் உதவித் தொகை, மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாமல் போனால் உதவித் தொகை, கிழட்டு மரங்களை அழித்துப் புதுக் கன்று நட்டால் உதவித் தொகை. இப்படி ஒரு செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால் மறுநாள் கடை வாசலிலும் கோயில் திண்ணையிலும் காதில் விழுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு தர்றாங்களாம்?"

எவ்வளவு என்பது முக்கியம்தான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் யார் பேருக்கு வருகிறது? தாளில் எழுதப்படும் பெயர் நிலத்துக்குச் சொந்தக்காரருடையதா, அந்த நிலத்தில் விடியற்காலையில் இறங்கி வேலை செய்கிறவருடையதா?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் தெருவுக்கு வந்த குடும்பங்களைப் பற்றியும், பிறகு கேட்கக் கற்றுக்கொண்டவர்களைப் பற்றியும் இந்த முறை சொல்லப் போகிறேன். அவர்களும் தோட்டத் தொழிலாளர்கள்தாம். ஆனால் இந்த நாட்டவர் அல்லர். அமெரிக்காவில் ஆர்கன்சா என்று ஒரு மாநிலம். அதன் வடகிழக்கு மூலையில் பாயின்செட் என்று ஒரு மாவட்டம். அங்கே டைரோன்சா என்னும் சிற்றூரைச் சுற்றிலும் பருத்தித் தோட்டங்கள். நடந்த காலம் 1933, 1934, 1935.

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தோட்டங்களின் நிலையைச் சொன்னால், நம் தாத்தா பாட்டி காலத்து லயத்து வாழ்க்கையைத்தான் வேறு பெயர் வைத்துச் சொல்கிறேனோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். நிலம் முதலாளியுடையது. குடியிருக்கும் பலகை வீடு அவருடையது. உழுகிற கோவேறு கழுதை, கலப்பை, விதை எல்லாம் அவருடையவை. தொழிலாளிக்குச் சொந்தம் அவனுடைய கையும் காலும், அவன் மனைவி மக்களுடைய கையும் காலும். விளைந்த பருத்தியில் பாதி முதலாளிக்கு, பாதி அவனுக்கு. பாதிப் பங்குக்காரர் என்று நாம் சொல்வோமே, அதேதான். கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள், ஏழை வெள்ளையர்களும் இருந்தார்கள்.

பாதி என்றால் நல்ல பங்காயிற்றே என்று தோன்றும். விதைப்பதிலிருந்து பஞ்சு எடுக்கிற வரைக்கும் சாப்பிட வேண்டுமல்லவா? மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் தோட்டத்துக் கடையில் பற்றுக்கு வாங்க வேண்டும். வட்டி அதிகம். சில தோட்டங்களில் நாணயத்துக்குப் பதில் அந்தக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகளைக் கொடுத்தார்கள். பஞ்சை நிறுப்பது முதலாளியின் ஆள். கணக்கு எழுதுவதும் முதலாளியின் ஆள். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது கையில் ஏதாவது மிஞ்சினால் அது அந்த ஆண்டின் அதிர்ஷ்டம். பல குடும்பங்களுக்கு மிஞ்சியது கடன்தான். "சம்பளத்தன்னைக்குத் துண்டு விழுந்துச்சு" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1929-இல் ஒரு ராத்தல் பருத்தி 16 காசுக்கு மேல் விற்றது. உலகமெங்கும் வியாபாரம் படுத்த பிறகு, 1931-இல், 6 காசுக்கும் கீழே போய்விட்டது. அதே காலத்தில்தான் இங்கே மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே புயல், இரண்டு கரைகளிலும் அடித்தது.

அமெரிக்க அரசாங்கம் என்ன செய்தது? பருத்தி அதிகமாக இருப்பதால்தான் விலை இல்லை. ஆகவே பயிரைக் குறைக்க வேண்டும். குறைக்கிறவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று 1933 மே மாதம் சட்டம் கொண்டு வந்தது. ரூஸ்வெல்ட் அப்போது குடியரசுத் தலைவர். யோசனை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் வந்த நேரத்தில் பருத்தி ஏற்கெனவே முளைத்து வளர்ந்து நின்றது. எனவே அந்த ஆண்டுக் கோடையில், நிற்கிற பயிரையே உழுது மண்ணோடு மண்ணாக்கச் சொன்னார்கள். நாடு முழுவதும் சுமார் ஒரு கோடி ஏக்கர். பயிர் வரிசையை மிதிக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க அடி வாங்கிப் பழகிய கோவேறு கழுதைகள், இப்போது மிதி என்று விரட்டினாலும் மிதிக்க மறுத்தன என்று அப்போது பலரும் எழுதினார்கள். ஐந்தறிவு என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம்.

உழுதவர்களுக்கு ஏக்கர் கணக்கில் பணம் வந்தது. எங்கே வந்தது? பெரும்பாலும் முதலாளியின் கைக்கு. பங்குக்காரனுக்குச் சேர வேண்டியதை அவர் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய கடை பாக்கியில் கழித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடம் ஏது?

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது 1934-க்கும் 1935-க்கும், ஓர் ஒப்பந்தம் அச்சடித்தார்கள். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பயிரிடாமல் விடுகிற நிலத்தில் வழக்கமாக விளையக்கூடிய பருத்திக்கு, ராத்தலுக்கு நாலரைக் காசு. இதில் மூன்றரைக் காசு நில வாடகை. அரசாங்கம் அந்த நிலத்தை வாடகைக்கு எடுத்துச் சும்மா போட்டு வைப்பதாகக் கணக்கு; ஆகவே அது முழுவதும் நிலத்துக்காரருக்கு. மீதி ஒரு காசு, விலை குறைவை ஈடுகட்டுவதற்கு. அதைத்தான் முதலாளியும் பாதிப் பங்குக்காரரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இதை ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்காகவே கொடுத்தேன். ஒரு குடும்பம் 15 ஏக்கரில் பருத்தி போடுகிறது. அதில் 6 ஏக்கரைத் தரிசாக விடுகிறார்கள். ஏக்கருக்கு 200 ராத்தல் விளையும். உதவித் தொகை எவ்வளவு, யாருக்கு எவ்வளவு? பிள்ளைகள் விறுவிறுவென்று போட்டுவிட்டார்கள். மொத்தம் 1,200 ராத்தல், 54 டாலர். அதில் முதலாளிக்கு 48. உழைக்கும் குடும்பத்துக்கு 6. எட்டுக்கு ஒன்று. கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "சார், ஒரு ராத்தலுக்கு அரைக் காசுன்னு வருது. அரைக் காசு எப்படி சார் கொடுப்பாங்க?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிர் குறைந்ததும் விலை ஏறியது உண்மை. 1934-இல் 12 காசைத் தாண்டியது. நிலத்தில் தங்கியிருந்த பங்குக்காரனுக்கு மீதி 9 ஏக்கரில் விளைந்ததற்கு முன்னைவிட நல்ல விலை கிடைத்தது. ஆகவே இந்தத் திட்டத்தால் யாருக்கும் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். தங்கியிருந்தவனுக்கு என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் முடிச்சு விழுந்தது. நிலம் குறைந்தால் ஆளும் குறைவாகப் போதும். ஆளைக் குறைத்தால் அந்த அரைக் காசையும் கொடுக்க வேண்டியதில்லை.

வாஷிங்டனில் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதன் ஏழாவது பிரிவில் இதற்கென்றே வாசகங்கள் சேர்த்திருந்தார்கள். கூடிய வரையில் வழக்கமான எண்ணிக்கையில் குடிகளை வைத்துக்கொள்ள முதலாளி நல்லெண்ணத்தோடு முயல வேண்டும். இரண்டு ஆண்டுக்கும் அவர்கள் வாடகையில்லாமல் அந்த வீடுகளில் இருக்கலாம். தொல்லை கொடுப்பவராகவோ ஆபத்தானவராகவோ நடந்துகொண்டால் தவிர.

படிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. "கூடிய வரையில்", "முயல வேண்டும்", "தவிர". இந்த மூன்று இடத்தையும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். கூடுமா கூடாதா என்று சொல்வது யார்? முதலாளி. முயன்றேன் என்று சொல்வது யார்? முதலாளி. இவன் தொல்லை என்று முடிவு கட்டுவது? அவரேதான். தொழிலாளி புகார் கொடுக்க விரும்பினால் மாவட்டக் குழுவிடம் கொடுக்கலாம். அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர்கள். கிராணியைப் பற்றிய புகாரைக் கிராணியிடமே எழுதிக் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டைரோன்சாவுக்குப் பக்கத்தில் ஃபேர்வியூ என்று ஒரு தோட்டம். அதன் உரிமையாளர் ஹிராம் நார்கிராஸ் என்பவர், வழக்கறிஞரும்கூட. 1934-இல் அவர் தம் தோட்டத்திலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியே போகச் சொன்னார். அந்தத் தோட்டத்தில் மட்டும் நடந்ததல்ல இது. அந்த வட்டாரம் முழுவதும் வண்டியில் படுக்கையும் சட்டி பானையுமாகக் குடும்பங்கள் சாலைக்கு வந்துகொண்டிருந்தன. தோட்டத் துண்டாடல் காலத்தில் நம்மவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த ஊரில் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார் எச். எல். மிட்சல் என்ற இளைஞர். பக்கத்தில் பெட்ரோல் நிலையம் நடத்தினார் கிளே ஈஸ்ட். இருவரும் வெள்ளையர், படித்த மேதைகள் அல்லர், ஆனால் செய்தித்தாள் படிப்பவர்கள், வாய் திறந்து பேசுபவர்கள். 1934 ஜூலை மாதத்தில் ஓர் இரவு, ஊருக்குத் தெற்கே ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். பதினொரு பேர் வெள்ளையர், ஏழு பேர் கறுப்பினத்தவர். (பள்ளிக்கூடம் என்று படித்ததும் எனக்கு ஒரு தனி சந்தோஷம். நம் தோட்டத்துப் பள்ளிகளிலும் எத்தனை கூட்டங்கள் நடந்திருக்கின்றன!)

முதல் கேள்வி அன்றே எழுந்தது. ஒரே சங்கமா, வெள்ளையருக்கு ஒன்று கறுப்பருக்கு ஒன்று என்று இரண்டா? அந்தக் காலத்து ஆர்கன்சாவில் இரு இனத்தவரும் ஒரே பெஞ்சில் உட்காருவதே பெரிய விஷயம். அப்போது ஐசக் ஷா என்ற வயதான கறுப்பினத்தவர் எழுந்து பேசினார். 1919-இல் அதே மாநிலத்தில் எலைன் என்ற ஊர்ப்பக்கம் கறுப்பினப் பங்குக்காரர்கள் தனியாகச் சங்கம் கட்டி, அது இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டது. அந்த நாளைக் கண்டவர் அவர். தனித்தனியாக நின்றால் ஒருவரை வைத்து மற்றவரை அடிப்பார்கள். நாம் எல்லாரும் ஒரே முதலாளிகளிடம்தான் வேலை செய்கிறோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். ஒரே சங்கம் என்று முடிவாயிற்று. தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் என்று பெயர் வைத்தார்கள்.

சங்கம் முதலில் செய்தது கல்லெறிவதோ கூச்சல் போடுவதோ அல்ல. அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தது. ஏழாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அதன்படி எங்களை வெளியேற்ற முடியாதே என்று நார்கிராஸ் மீது நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1935-இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் அரசாங்கத்துக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் இடையே ஆனது. பங்குக்காரர்கள் அதில் ஒரு தரப்பு அல்லர். ஆகவே அதை வைத்து வழக்காட அவர்களுக்கு உரிமை இல்லை.

இந்த இடத்தில் சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அவர்களைப் பற்றி எழுதிய பிரிவு அது. அவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிச் சேர்த்தது. ஆனால் தாளின் அடியில் அவர்கள் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாதபோது அது அவர்களுடைய தாள் இல்லை என்று ஆகிவிட்டது.

வாஷிங்டனில் வேளாண்மைத் துறையில் இருந்த சில இளம் வழக்கறிஞர்கள், அந்தப் பிரிவுக்குப் பொருள் அதே குடும்பங்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என்று விளக்கம் எழுதினார்கள். ஆர்கன்சாவுக்கு ஒரு பெண் வழக்கறிஞரை அனுப்பி விசாரிக்கவும் செய்தார்கள். அவருடைய அறிக்கை வெளியிடப்படவே இல்லை. அந்த விளக்கத்துக்குக் காரணமாக இருந்த வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சங்கத்தாருக்கோ கூட்டம் நடத்த முடியவில்லை. இரவில் துப்பாக்கியோடு வந்து மிரட்டினார்கள், அடித்தார்கள். தலைமையகத்தை ஆற்றுக்கு அப்பால், பக்கத்து மாநிலத்தில் இருந்த மெம்பிஸ் நகரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்த ஆண்டே பருத்தி எடுக்கும் பருவத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூறு ராத்தல் பஞ்சு எடுக்க ஒரு டாலர் கேட்டார்கள். ஒரு டாலர் கிடைக்கவில்லை. பல இடங்களில் 75 காசு கிடைத்தது. முன்பு கிடைத்ததைவிட அது கூடுதல். நம் சங்கங்களின் சம்பளப் பேச்சுவார்த்தையை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் புரியும்.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. 1936 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய சட்டத்தையே செல்லாது என்றது. அரசாங்கம் வேறு சட்டம் கொண்டு வந்தது. கூச்சல் கேட்டுவிட்டதால், அதன் பிறகு வந்த திட்டங்களில் பங்குக்காரரின் பங்கு கூடியது. பணம் அவர் பேருக்கே நேரடியாகப் போகவும் வழி செய்தார்கள். வெற்றிதானே? பாதி வெற்றி. பங்குக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றால், பங்குக்காரரே இல்லாமல் செய்துவிட்டால்? பல முதலாளிகள் அவர்களைத் தினக்கூலிகளாக மாற்றினார்கள். கூலியாளுக்கு விளைச்சலில் பங்கு கிடையாது. ஆகவே உதவித் தொகையிலும் பங்கு கிடையாது. வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினார்கள். டிராக்டர் வந்த நிலத்தில் பல குடும்பங்களுக்கு வேலை இல்லை. ஏழைக்கு உதவி என்று அனுப்பிய பணம் ஏழையை அனுப்பிவிடவும் பயன்பட்டது.

இன்று அந்த மாவட்டத்தில் பெரிதாக விளைவது நெல். அரசாங்கப் பணம் இன்றும் வருகிறது. மாவட்டக் குழுக்களும் இருக்கின்றன. மிட்சலும் ஈஸ்ட்டும் கடை வைத்திருந்த கட்டடத்தை 2006-இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். பருத்தி ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1934-இல், ஜூன் முதல் தேதியிலிருந்து, இங்கே ரப்பருக்கும் கட்டுப்பாடு வந்தது. இவ்வளவுதான் வெட்டலாம், இவ்வளவுதான் விற்கலாம் என்று பெரிய தோட்டங்களுக்கும் சிறுதோட்டங்களுக்கும் அளவு வைத்தார்கள். சிறுதோட்டக்காரருக்கு அந்த அளவுக்குக் கூப்பன் கொடுத்தார்கள். அவர்களுடைய மரம் உண்மையில் எவ்வளவு பால் தரும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியது. சம்பளத்துக்குப் பால் வெட்டியவருக்குக் கூப்பன் என்ற பேச்சே இல்லை; அவரிடம் நிலம் இல்லையே.

1952-இல் மறுநடவு நிதி தொடங்கியபோதும் இதே அமைப்புதான். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு ராத்தல் ரப்பருக்கும் நாலரைக் காசு பிடித்தார்கள். (பருத்திக்கும் நாலரை, ரப்பருக்கும் நாலரை, தற்செயல்தான்.) பெரிய தோட்டங்களுக்கு ஒரு கணக்கு, சிறுதோட்டக்காரருக்கு ஒரு கணக்கு. பிடித்த பணம், கிழட்டு மரத்தை அழித்துப் புதுக்கன்று நட்டவருக்குத் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. நல்ல திட்டம்; அது இல்லாவிட்டால் நம் ரப்பர்த் தொழில் அப்போதே படுத்திருக்கும். 1973 முதல் சிறுதோட்டக்காரர் பக்கத்தை ரிஸ்டா பார்த்துக்கொள்கிறது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், அந்த ஒவ்வொரு ராத்தலையும் வெட்டி எடுத்தவருக்கு அந்த இரண்டு கணக்கிலும் பெயர் கிடையாது. பெயர் வேண்டுமானால் நிலம் வேண்டும். அதனால்தான் 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்கு சேரச் சொன்னார். அதை வெறும் சேமிப்பு என்று நினைத்தவர்களும் உண்டு. நிலத்தின் தாளில் தொழிலாளியின் பெயர் ஏறுகிற வழி அது என்பதுதான் என் எண்ணம்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது ஒரு வாசகி அனுப்பிய கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தோட்டம் கைமாறிச் செம்பனையாகிவிட்ட பிறகு, அவர் கணவர் பட்டணத்தில் இருக்கும் ஒருவருடைய நாலு ஏக்கரில் பாதிப் பங்குக்குப் பால் வெட்டுகிறாராம். "விலை குறைஞ்சா அரசாங்கம் பணம் கொடுக்குதாம், முதலாளிக்கு வந்திருக்குன்னு கேள்விப்பட்டோம். எங்களுக்கும் அதில் பங்கு உண்டா, கேட்டால் கோவிச்சுக்குவாரா?" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, நீங்கள் சொல்வது 2015-இல் தொடங்கிய ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகையாக இருக்க வேண்டும். மங்கில் உறைந்த கட்டிப்பாலுக்கு அரசாங்கம் ஒரு விலை குறித்து வைத்திருக்கிறது. 2024-இல் அதைக் கிலோவுக்கு 2 வெள்ளி 70 காசிலிருந்து 3 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். மாதச் சராசரி விலை அதற்குக் கீழே போனால், குறைகிற காசை விற்ற கிலோவுக்குத் தக்கபடி கொடுப்பார்கள். இதற்கு மலேசிய ரப்பர் வாரியத்தின் அனுமதி அட்டை வேண்டும். பாட்-ஜி என்று சொல்கிறார்கள். கவனியுங்கள்: நிலத்துக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் அந்த அட்டை எடுக்கலாம் என்பதில்லை. பிறர் நிலத்தில் பால் வெட்டுகிற குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஆர்கன்சாவில் அந்தப் பதினெட்டுப் பேருக்குக் கிடைக்காத வாசல் இது. ஆனால் தானாகத் திறக்காது. உங்கள் கணவர் பேரில் விண்ணப்பம் போட வேண்டும். நில விவரத்துக்கு முதலாளியின் ஒத்துழைப்பும் வேண்டியிருக்கும்.

கோபித்துக்கொள்வாரா என்று கேட்டீர்கள். கோபித்துக்கொள்ளலாம். அதனால் சண்டை பிடிக்கிற மாதிரி போகாதீர்கள். "ஐயா, எனக்கும் ஒரு அட்டை எடுத்துக்கலாம்னு சொல்றாங்க, உங்க பங்குக்கு ஒன்னும் குறையாது" என்று உங்கள் கணவர் அவரிடம் நேரில் பேசட்டும். நல்ல மனிதராக இருந்தால் அவரே கூட வருவார். பால் விற்கும்போது உரிமம் உள்ள கடையில் விற்று, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் யார் பெயர், எத்தனை கிலோ என்று அங்கேயே நின்று பாருங்கள். ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்; சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தால் கரையான் தின்றுவிடும்.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். அவர்களிடம் நிலம் இருக்கிறது, பெயர்தான் இல்லை. தாத்தா துண்டாடல் காலத்தில் கடன் வாங்கி வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர். கிராண்டு இன்னமும் தாத்தா பேரில். அவர் போய் முப்பது வருஷம் ஆயிற்று. அண்ணன் தம்பி ஐந்து பேர், பேரப் பிள்ளைகள் பதினேழு பேர். பேச்சை எடுத்தாலே சண்டை வரும் என்று எல்லாரும் சும்மா இருக்கிறார்கள். மறுநடவு மானியம் கேட்டுப் போனால் அலுவலகத்தில் முதலில் கேட்பது கிராண்டு யார் பேரில் என்பதைத்தான். செத்தவருக்குக் காசோலை எழுத முடியாது. இந்த மாதிரி சிறிய சொத்தைப் பிரிப்பதற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலம் இருக்கும் மாவட்டத்து நில அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் இல்லாமலே செய்தவர்களை எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழ், கிராண்டின் நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்தால் ஐந்து கையெழுத்தில் முடியும். தள்ளிப் போட்டால் பதினேழு கையெழுத்து.

விண்ணப்பத் தாள்கள் மலாய் மொழியில் இருக்கும். நிரப்பத் தெரியாவிட்டால் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு போங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார். யாராவது நிரப்பி நீட்டினார் என்பதற்காக உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகும் என்ற மூன்றையும் அவரையே உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.